குழலி ஒட்டிய ரேடியோப் பெட்டி

உ

சின்ன காஞ்சிபுரம்,
11-9-73

அன்பு மகள் கிருஷ்ணவேணிக்கு அப்பா ஆதிகேசவன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. வரதர் தயவில் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீ பயப்பட வேண்டாம். ஈப்போவில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் அதுவே எங்களுக்கு மருந்து. சின்னவளுக்குக் கடைவாய்ப் பல் வரும்போது வயிறு சரியில்லை என்று எழுதியிருந்தாய், வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடு, அங்கே கிடைக்காவிட்டால் எழுது, கப்பலுக்குப் போகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். மாப்பிள்ளை வெறும் வயிற்றில் காப்பி குடிப்பதை நிறுத்தினாரா. இங்கே ஆடியில் வர வேண்டிய மழை வரவில்லை, ஓரிக்கையில் நம் பங்காளிகள் பாலாற்றில் ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள், கடையில் அரிசி கிடைப்பது கஷ்டமாக இருக்கிறது, கிடைத்தாலும் கல். இரண்டு பேருக்கு எவ்வளவு வேண்டியிருக்கும், அதனால் எங்களுக்குச் சிரமம் இல்லை.

இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன். குழலி போய்விட்டாள் அம்மா. உன் அண்ணன் தர்மனின் பெண்டாட்டி ஏலவார்குழலி போன வியாழக்கிழமை நம் வீட்டுக் கூடத்திலேயே கல்யாணம் முடிந்து அரக்கோணம் போய்விட்டாள். நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். தர்மன் இறந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பட்டாளத்தில் உயிரைக் கொடுத்தவன் பெண்டாட்டிக்கு இன்னொரு தாலியா, ஊர் சிரிக்காதா என்று கேட்டிருந்தாய். அதே கடிதத்தின் கடைசியில், பெரியவன் தாத்தா வீட்டு ரேடியோவைப் பற்றி ஓயாமல் கேட்கிறான், அது இப்போதும் பாடுகிறதா என்றும் எழுதியிருந்தாய். இரண்டுக்கும் சேர்த்துத்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது, ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் உனக்குப் புரியாது. தர்மன் போன தந்தி வந்த அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு முழுதாக எழுதவே இல்லை. நீ அப்போது சின்னவளை வயிற்றில் வைத்துக்கொண்டிருந்தாய், அண்ணன் போய்விட்டான் என்பதைத் தாங்கினதே பெரிது, இதையும் எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில் சண்டை ஆரம்பித்த நாளிலிருந்து உன் அம்மா ரேடியோவை விட்டு நகரவில்லை. அந்தப் பெரிய மரப்பெட்டி ரேடியோ உனக்கு ஞாபகம் இருக்கும், செங்கல்பட்டில் ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது ஏலத்தில் எடுத்து பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தேன், சுவிட்சைப் போட்டால் உள்ளே விளக்கு எரிந்து சூடேறி, அப்புறம்தான் வாயைத் திறக்கும். காலைச் செய்தி, மதியச் செய்தி, ராத்திரிச் செய்தி எதையும் அவள் விடவில்லை, ஊர்ப் பெயர் எதுவும் அவளுக்குத் தெரியாது, ஆனாலும் ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் தர்மன் அங்கே இருக்கிறானா என்று என் முகத்தைப் பார்ப்பாள். மார்கழி பிறந்ததும் சண்டை நின்றுவிட்டது என்று சொன்னார்கள். வேணி, அன்றைக்கு உன் அம்மாவைப் பார்த்திருக்க வேண்டும், குழலியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள், சர்க்கரைப் பொங்கல் வைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தாள், தச்சு வேலை செய்யும் கௌஸ் பாஷா பாய் வீட்டுக்கும் தூக்கில் போட்டு அனுப்பினாள். நாலு நாள் கழித்துத் தந்தி வந்தது. சண்டையில் சாகவில்லை நம் பிள்ளை. சண்டை நின்ற பிறகு, மண்ணில் புதைத்து வைத்திருந்த வெடியில் அவன் ஓட்டிய லாரி ஏறிவிட்டது.

தந்தி காலையில் வந்தது, உன் அம்மா அழவில்லை. தெருவே வந்து அழுதது, அவள் அழவில்லை. சாயங்காலம் செய்தி நேரத்துக்கு எழுந்து போய் சுவிட்சைப் போட்டாள், பழக்கத்தில் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். ரேடியோ சூடேறிக் குரல் வந்ததும் உள்ளே போய் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து, "சண்ட நின்னுபோச்சுன்னு நீதானே சொன்னே, நீதானே சொன்னே" என்று ஓங்கி அடித்தாள். முதல் அடியில் மரம்தான் பிளந்தது, உள்ளே குரல் நிற்கவில்லை, செய்தி வாசிக்கிறவர் தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தார், அதைக் கேட்டுத்தான் அவளுக்கு வெறி பிடித்தது. மேல் பலகை, முன் பலகை, கண்ணாடி எல்லாம் போனது. குழலிதான் ஓடிப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள், அத்தையைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். புருஷன் போனது அந்தப் பெண்ணுக்கு, மாமியாரைத் தாங்கிப் பிடித்ததும் அந்தப் பெண். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உடம்பைக்கூட அனுப்பவில்லை, அங்கேயே எரித்துவிட்டு அவன் டிரங்குப் பெட்டியை அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் இந்த வீடு எப்படி இருந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை. உன் அம்மா கூடத்து மூலையில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள்தான். குழலி சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால் நாலு வாய் வாங்குவாள், ஆனால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள். பூவும் பொட்டும் இல்லாத அந்த முகத்தைப் பார்த்தால் பிள்ளை செத்தது நிஜமாகிவிடும் என்று இருந்தாளோ என்னவோ. குழலியும் பேச மாட்டாள். இருபது வயதுப் பெண் அம்மா, கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் தர்மன் லீவில் வந்திருந்த நாட்களைச் சேர்த்தால் மூன்று மாதம்கூட இராது. வருஷத் திதி முடிந்ததும் அவள் அண்ணன் அப்பாதுரை உத்திரமேரூரிலிருந்து வந்து, தங்கச்சியை அழைத்துப் போகிறேன் என்று கேட்டான். குழலி, "நான் போய்ட்டா அத்தைக்கு யாரு சோறு பெசைஞ்சு குடுப்பாங்க" என்றாள். உன் அம்மா சுவர்ப் பக்கம் பார்த்தபடியே, "என் புள்ள பொண்டாட்டி என் புள்ள வீட்லதான் இருப்பா" என்றாள். அந்த மாதத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். அப்பாதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

உடைந்த ரேடியோவை நான் ஒரு கோணியில் போட்டுக் கட்டிப் பின்கட்டில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தள்ளி வைத்திருந்தேன், தூக்கி எறிய மனசு வரவில்லை. இந்த மாசி மாதம் ஒரு நாள் குழலி என்னிடம் வந்து, "மாமா, அரிசி எடுக்கப் போறப்பெல்லாம் அந்த மூட்ட கால்ல படுது. தூக்கிப் போட்டுடுங்க, இல்லாங்காட்டி ஒட்டிடலாம். ஒடஞ்சத ஒடஞ்சதாவே பாத்துக்கினு இருக்க என்னால முடியல" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் என் பழைய வேட்டி ஒன்றை விரித்து மூட்டையை அவிழ்த்துத் துண்டு துண்டாக எடுத்துப் பரப்பிவிட்டாள். கௌஸ் பாஷா பாயை வரச் சொன்னேன். நான் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் இந்த ஊரில் எனக்கு செக்கர் என்றுதான் பெயர். பாய் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "செக்கரே, உள்ள இருக்கறது தேக்கு, அதுக்கு ஒண்ணும் ஆவல. மேல ஒட்டியிருக்கற சீமை மரம் காகிதம் மாதிரி, அதுதான் சில்லு சில்லா பேந்துக்கினு இருக்குது. பொறுமை இருந்தா சேத்துடலாம்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை பாய் என்றேன். குழலி கதவுக்குப் பின்னாலிருந்து, "எனக்கு இருக்குது" என்றாள்.

பாய் தேக்குச் சட்டங்களைத் தன் பட்டறைக்கு எடுத்துப் போய்ப் பிளந்த இடத்தில் வச்சிரப் பசை காய்ச்சி விட்டுக் கயிற்றால் முறுக்கிக் கட்டி நேராக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே அந்த மெல்லிய மரத்தகட்டை ஒட்டுவது எங்கள் வேலை ஆயிற்று. மத்தியானத்தில் உன் அம்மாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் பின்கட்டில் நானும் குழலியும் உட்காருவோம். எந்தச் சில்லு எங்கே சேரும் என்று எனக்குக் கண் தெரியாது, அவள் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து மரத்தின் ரேகை எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பார்த்துப் பொருத்துவாள், வச்சிரம் தடவி அழுத்தி மேலே செங்கல்லை வைப்போம், மறுநாள் வரைக்கும் தொடக் கூடாது. வலது பக்க மூலைத் துண்டு மட்டும் கிடைக்கவே இல்லை, அன்றைக்குக் கண்ணாடியோடு கூட்டித் தள்ளியிருப்போம். பாய் ஒரு பழைய பீரோவிலிருந்து அதே மாதிரி மரம் வெட்டி வைத்தார், நிறம் ஒரு பிடி கறுப்புதான். பழைய பூச்சு வெடித்துப்போய் இருந்ததைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினோம், அப்புறம் உப்புத்தாள். ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் விழும் என்று பாய் சொல்லியிருந்தார், நான் மறந்து குறுக்கே தேய்ப்பேன், குழலி என் கையைத் திருப்பி வைப்பாள்.

அந்த வேலையில்தான் அந்தப் பெண் பேச ஆரம்பித்தாள் வேணி. முதலில் மரத்தைப் பற்றிப் பேசினாள், அப்புறம் தன் ஊர் ஏரியைப் பற்றி, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்ததைப் பற்றி. ஒரு நாள் தர்மன் பெயரைச் சொன்னாள். லீவில் வந்தபோது அவன் ரேடியோவின் மேல் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம், பாட்டுத்தான் சத்தமாகக் கேட்கிறதே என்று இவள் கேட்டதற்கு, "பாட்டுக்காக இல்ல, மரம் அதிர்றது நல்லா இருக்குது, நீயும் வெச்சுப் பாரு" என்றானாம். சொல்லிவிட்டு அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள், நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். உள்ளே விளக்கு மாதிரி எரியும் வால்வு இரண்டு உடைந்திருந்தன. பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்பவர் வந்து பார்த்துவிட்டு, இது இப்போது வருவதில்லை, மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் அலைந்தால் கிடைக்கலாம் என்றார். நான் கிளம்புகிறேன் என்றபோது குழலி, "பேச வாணாம் மாமா, பொட்டி முழுசானா போதும்" என்று தடுத்துவிட்டாள்.

வைகாசியில் கருட சேவைக்கு ஊரெல்லாம் ஜனம் நிறைந்திருந்த சமயத்தில் நாங்கள் பாலிஷ் பூச ஆரம்பித்தோம். அரக்கைப் பொடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் பஞ்சை உருட்டித் தொட்டு மெல்லப் பூச வேண்டும், காய்ந்ததும் மறுபடியும், மறுபடியும். பூசப் பூச மரம் உள்ளேயிருந்து சிவந்துகொண்டே வந்தது. ஒரு நாள் குழலி அத்தைக்குச் சோறு கொடுக்கப் போனாள், கையைத் தேய்த்துக் கழுவியும் அரக்குக் கறை போகவில்லை. உன் அம்மா வாயைத் திறக்கப் போனவள் அந்தக் கையைப் பார்த்தாள். தட்டைத் தட்டிவிட்டு, "யாருடி உனக்கு மருதாணி வெச்சது" என்று கத்தினாள், நான் பின்கட்டிலிருந்து ஓடினேன். பத்து விரலும் நுனி சிவந்து, பார்த்தால் மருதாணி மாதிரியேதான் இருந்தது. குழலி பயந்துபோய், "மருதாணி இல்ல அத்த, அரக்கு. ரேடியோப் பொட்டிக்குப் பூசிக்கினு இருந்தேன், மோந்து பாருங்க" என்று கையை நீட்டினாள். உன் அம்மா அந்தக் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். ஒரு விரல், இன்னொரு விரல் என்று பார்த்துக்கொண்டே போனவள் தலையை நிமிர்த்தி அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவை. அப்புறம் அழுதாள் பார், தந்தி வந்த நாளிலிருந்து அழாத அழுகை எல்லாம் சேர்த்து அழுதாள். தெருவில் சாமி பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். "இந்தக் கைய போய் நான் வெறுங்கையா வெச்சுக்கினு இருக்கேனே" என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள்.

மறுநாள் காலையில் எழுந்து குளித்துவிட்டு வந்து என்னிடம், "அந்தப் பொண்ணுக்கு ஒரு எடம் பாரு" என்றாள். என்ன சொல்கிறாய் அங்கம்மா என்றேன். "நாம ரெண்டு பேரும் போய்ட்டா அவ இந்த வீட்ல யார் முகத்தப் பாத்துக்கினு குந்தியிருப்பா. நீ பாக்கறியா, நான் பாக்கட்டுமா" என்றாள். குழலியிடம் சொன்னபோது அவள் பாலிஷ் துணியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன அனுப்பறதுக்குத்தான் எந்திரிச்சீங்களா அத்த" என்று கேட்டாள். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வந்து, "நீங்க போன்னு சொன்னா போறேன். போவச் சொன்னது நீங்கதான்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க" என்றாள். அந்தச் சொல் இன்றைக்கும் எங்கள் இரண்டு பேருக்கும் முள்ளாகத்தான் இருக்கிறது, ஆனால் உன் அம்மா பின்வாங்கவில்லை.

என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் சொன்ன இடம்தான். பெயர் ராமலிங்கம், அரக்கோணத்தில் ஆஸ்பத்திரி கம்பவுண்டர், பெண்டாட்டி பிரசவத்தில் போய்விட்டாள், அந்தப் பெண் குழந்தைக்கு இரண்டு வயது. உன் அம்மாவும் என்னோடு பஸ் ஏறிவிட்டாள், ஒன்றரை வருஷம் வாசல் தாண்டாதவள். அந்த மனிதர் எங்களைப் பாயில் உட்கார வைத்துவிட்டுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உன் அம்மா சம்பளம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. குடிப்பியா என்று கேட்டாள், இல்லையம்மா என்றார். அப்புறம், "என் புள்ள பேர அவ தூக்கத்துல சொல்லிட்டான்னா இன்னா பண்ணுவே" என்று கேட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, "நானும் சொல்லுவேம்மா, இவ அம்மா பேர" என்றார். உன் அம்மா எழுந்தாள், அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் வழியெல்லாம் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள், கல்யாணமான புதிதில்கூட அவள் அப்படிச் செய்ததில்லை.

உன் கடிதம் அதற்கப்புறம்தான் வந்தது. அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். உன் மேல் அவளுக்கு வருத்தம் இல்லை, தூரத்தில் இருப்பவளுக்கு அண்ணன் செத்தது நேற்று நடந்தது மாதிரிதான் இருக்கும், பாவம் என்றாள். ஊர் சிரிக்காதா என்று கேட்டாய். சிரித்தது. ஓரிக்கையிலிருந்து ஒருவரும் வரவில்லை, உன் மாமன் வரவில்லை, எதிர்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். குழலியின் தாய் பொன்னியம்மாளும் அப்பாதுரையும் வந்தார்கள், அந்த டிரைவர் வந்தார், கௌஸ் பாஷா பாய் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார். ஐயர் இல்லை, மேளம் இல்லை, மாலை மாற்றித் தாலி கட்டினார்கள். முதல் நாள் சாயங்காலம் உன் அம்மா தன் கையால் மருதாணி அரைத்துக் குழலிக்கு வைத்துவிட்டாள். தாரை வார்க்கும்போது பொன்னியம்மாள் எங்கள் இரண்டு பேரையும் முன்னால் தள்ளி, நீங்கதான் பெத்தவங்க என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள். நான் வார்த்த நீர் தரையெல்லாம் சிந்தியது. நம் பிள்ளைக்கு என்று நாம் அழைத்துவந்த பெண்ணை நானே இன்னொருவர் கையில் கொடுத்தேன் வேணி, சரியென்று தெரிந்துதான் கொடுத்தேன், ஆனாலும் அந்த நிமிஷம் தர்மனை இரண்டாந்தடவை அனுப்புவது போல இருந்தது.

ரேடியோப் பெட்டி கூடத்தில் முக்காலி மேல் இருந்தது. பார்த்தால் புதுசு மாதிரி, பளபளப்பில் நம் முகம் தெரியும், மூலையில் அந்தக் கறுப்புத் துண்டு மட்டும் கவனித்தால் தெரியும். அவள் உழைப்பு, அவளுக்கே சீராகக் கொடுத்துவிடலாம் என்று நானும் உன் அம்மாவும் பேசி வைத்திருந்தோம், ராமலிங்கமும் தாராளமாகக் கொண்டு வரட்டும், வால்வு நான் தேடிப் போடுகிறேன் என்றார். நான் துணி சுற்றப் போனபோது குழலி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாணாம் மாமா. அங்க வந்தா நான் தெனம் அதத் தொடச்சிக்கினு இருப்பேன். அவரும் பாத்துக்கினு இருப்பாரு. பாவம் அந்த மனுஷன்" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். மூன்று மாதம் அந்த மரத்தோடு மரமாக உட்கார்ந்திருந்தவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வாசல் இறங்கினாள். அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்த எனக்குத்தான் தெரியும்.

பஸ் நிலையத்துக்கு நான் மட்டும் போனேன், உன் அம்மா வரவில்லை. முன் சீட்டில் உட்கார வைத்தேன், அந்தக் குழந்தை ராமலிங்கத்தின் மடியிலிருந்து குழலியின் மடிக்குத் தாவிவிட்டது, "அந்த ஆயா வரலியா" என்று என்னைக் கேட்டது. குழலி ஜன்னல் வழியாக, "மாமா, அத்தைக்கு மோர்ல உப்பு கொறச்சுப் போடுங்க, கால் வீங்குது" என்றாள். கண்டக்டர் விசில் கொடுக்கவில்லை, நான் இறங்க வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. நான் இறங்கிப் பழக்கத்தில் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டிவிட்டேன். ஆயுசு முழுக்கத் தட்டித் தட்டி பஸ் அனுப்பிய கை. தட்டிய பிறகுதான் ஐயோ தட்டிவிட்டேனே, இன்னும் கொஞ்சம் நிறுத்தியிருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது, அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. கடைத்தெருவில் வருகிறபோது கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தேன், தெரிந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று வந்தேன்.

வீடு எப்படி இருக்கிறது என்று கேட்காதே. உன் அம்மா இப்போது எழுந்து சமைக்கிறாள், தண்ணீர் இறைக்கிறாள், எனக்குச் சோறு போடுகிறாள். நேற்றுப் பின்கட்டைக் கூட்டும்போது குழலி மடித்து வைத்திருந்த உப்புத்தாள் ஒன்று கிடைத்தது, அவள் விரல் அழுந்திய மடிப்பு அப்படியே இருந்தது, உன் அம்மா அதைக் குப்பையில் போடவும் இல்லை, என்னிடம் கொடுக்கவும் இல்லை, எங்கே வைத்தாள் என்று நான் கேட்கவில்லை. தலை தீபாவளிக்கு அவர்களை அழைக்கலாமா, ஒரு தடவை அரக்கோணம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டேன். "வாணாம். நாம போய் நின்னா அவ திரும்பித் திரும்பிப் பாப்பா. தீபாவளிக்குப் பொன்னியம்மா அழைக்கட்டும். நாம குறுக்க நிக்கக் கூடாது" என்றாள். பெரியவனிடம் ரேடியோ நன்றாக இருக்கிறது, ஆனால் இப்போது பேசுவதில்லை என்று சொல். அவன் என்றைக்காவது இங்கே வந்து, பேச வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் அப்போது வால்வு தேடுவேன், அதுவரைக்கும் எங்களுக்கு வேண்டாம்.

நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. சாப்பாட்டு நேரம் தவறாமல் சாப்பிடு, வெள்ளிக்கிழமை விரதம் எல்லாம் பால் கொடுப்பதை நிறுத்தும்வரை வேண்டாம். மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லு. குழந்தைகளுக்கு எங்கள் முத்தம். பெருந்தேவித் தாயார் உன்னையும் உன் குடியையும் குறைவில்லாமல் வைத்திருக்க வேண்டும், நீ நூறு வயது மஞ்சள் குங்குமத்தோடு இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதே. குழலியின் அரக்கோணம் விலாசத்தைத் தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். கோபம் ஆறினதும் அவளுக்கு ஒரு கடிதம் போடு. உன்னைவிட ஐந்து வயது சின்னவளை நீ வாய் நிறைய அண்ணி என்று எழுதிக்கொண்டிருந்தாய், இனிமேல் அப்படி எழுதாதே அம்மா. குழலி என்று பெயரை மட்டும் எழுது. இதை எழுதச் சொன்னது உன் அம்மா. சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உன் க்ஷேமத்தையே நினைத்திருக்கும்
அப்பா,
ஆதிகேசவன்